முன் சீட்டுக்குத் தனிக் கட்டணம்

கார் ஓடினால்தான் செலவு என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் கார் வாங்காதவர்கள். நின்றாலும் செலவுதான். சொல்லப்போனால் நிற்கும்போதுதான் அதிகம். வீட்டுக்குக் கீழே நிற்க ஒரு வாடகை, அலுவலகத்துக்குக் கீழே நிற்க இன்னொரு வாடகை, வழியில் மருந்துக் கடைக்கு இறங்கி ஏறினால் அதற்குள் ஒருவர் வந்து ரசீது கிழித்துக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போயிருப்பார். எங்கள் குடியிருப்பில் கார் நிற்கிற இடம் என் மகள் படுக்கிற அறையைவிடப் பெரியது. அதற்குத் தனி விளக்கு உண்டு, காவலாளி உண்டு. என் மகளுக்கு இரண்டும் கிடையாது.

நடந்ததை நடந்தபடி வாக்குமூலமாக என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். தருகிறேன், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் செலவிலிருந்துதான் தொடங்க முடியும். அதை விட்டுவிட்டு அந்த ஒரு காலையை மட்டும் எழுதினால், படிப்பவர்கள் என்னை ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடுவார்கள்.

நான் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கிற கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது இல்லாமல் ஓடுமா என்று கேட்க வேண்டும். கதவுக்கு இத்தனை திருகாணி எதற்கு, இரண்டைக் குறைத்தால் கதவு கழன்று விழுந்துவிடுமா? விழாது. அப்படியானால் குறை. அட்டைப்பெட்டி இவ்வளவு தடிமன் எதற்கு? இப்படிக் கேட்டுக் கேட்டே கம்பெனிக்கு நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, இந்த ஆள் கல்லிலும் நார் உரிப்பான் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் அந்தக் கேள்வியைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிட முடியுமா? பழக்கம் கூடவேதான் வரும்.

கார் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான், என் மனைவி அல்ல. அவள் அப்போதே சொன்னாள். "வாங்கறது பெரிசில்ல. வெச்சுக் காப்பாத்த முடியுமா உங்களால?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடன் போட்டு வாங்கினேன். முதல் மாதம் வாயெல்லாம் பல்லாகத்தான் இருந்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து அது கையைக் கடிக்க ஆரம்பித்தது. தவணை, எண்ணெய், காப்பீடு, மேம்பாலத்துக்குக் காசு, கழுவுகிற பையனுக்குக் காசு, யாரோ போகிற போக்கில் சாவியால் இழுத்துவிட்டுப் போன கீறலுக்குக் காசு. காற்று அடிக்கக்கூடக் காசு, காற்றுக்கு. சம்பளம் வந்த வாரமே பாதி அதன் வயிற்றுக்குள் போய்விடும். வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவதைவிட அது ஒன்று சாப்பிடுவது அதிகம். மனைவி வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். மாதக் கடைசியில் குழம்புக் கரண்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

அதனால் காப்பீட்டில் கை வைத்தேன். எது கட்டாயமோ அது மட்டும் போதும் என்று எடுத்தேன். நாம் அடுத்தவன் காரை இடித்தால் அவனுக்குக் கிடைக்கும், நம் காருக்கு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் யாரையும் இடிக்கிற ஆள் இல்லை. நிதானமாக ஓட்டுகிறவன். அதை என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இடித்தது ஒரு தூணில். பெரிய கடைத்தொகுதி ஒன்றின் நிலவறையில் கார் நிறுத்த இறங்கிக்கொண்டிருந்தோம். சரிவு ஈரமாக இருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கடைக்கு முதலில் போவது என்று பேசிக்கொண்டு வந்தாள். கார் என் பேச்சைக் கேட்காமல் நேராகப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்தது. டப்பென்று ஒரு சத்தம். இரண்டு ஏர்பேக்கும் வெடித்து உப்பி, எங்கள் இருவர் முகத்திலும் மாவு பூசினாற்போல் வெள்ளைப் பொடி. மனைவி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மூக்கு இருக்கு" என்றாள். பின்னாலிருந்த மகள் சிரித்த சிரிப்பில் தூணே ஆடியிருக்கும். அந்தப் பை இல்லாவிட்டால் என் மனைவியின் முகம் என்ன ஆகியிருக்கும் என்று பணிமனைக்காரர் பிறகு எனக்கு விவரமாகச் சொன்னார். ஆக அது என்ன வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணால் பார்த்தவன் நான்.

கார் கம்பெனியின் பணிமனையில் இரண்டு பைக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். எழுதிக் கொடுத்த தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய காரையே வாங்கிவிடலாம். அங்கிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே ஒரு பணிமனைக்குப் போனேன். அந்த மெக்கானிக் வெற்றுடம்போடு ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, இப்படியெல்லாம் நடக்கும் சார் என்பதுபோல் சிரித்தார். என்னைப் பார்த்தவுடனே எடை போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் ஆட்களை எடை போடுகிறவன்தான், அதனால் எங்களுக்குள் சட்டென்று ஒத்துப்போயிற்று. இரண்டில் ஒன்று மாற்றினால் போதுமா என்று கேட்டேன். ஸ்டீயரிங்கில் இருப்பது அவசியம் என்றார். அதை நானும் ஒப்புக்கொண்டேன். ஓட்டுகிறவனுக்கு ஒன்று ஆனால் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து. அதற்கு எங்கோ நொறுங்கிப்போன காரிலிருந்து கழற்றிய நல்ல பை ஒன்றைப் போட்டார். பக்கத்து சீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"சும்மா ஒரு மூடி போட்டுடலாம் சார். வெளிய பாத்தா அச்சு அசலா இருக்கும். வீட்டு ஆளுங்களை மட்டும் அந்தப் பக்கம் உக்கார வெக்காதீங்க."

அவர் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது காட்டுகிற விளக்கு எரியாமலிருக்க அவர் உள்ளே ஏதோ கோத்துவிட்டார். அது என்னவென்று நான் கேட்கவில்லை, எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது.

மனைவியைப் பின் சீட்டுக்கு மாற்றுவது சுலபமாக முடிந்தது. பை சில சமயம் காரணமில்லாமலே வெடிக்குமாம் என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன். மறுநாளே மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மகள்தான் பாடாய்ப் படுத்தினாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், அது சும்மா வைத்த பெயரல்ல. கார் கதவு திறந்தால் முன்னால் பாய்ந்துவிடுவாள். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தும்விட்டேன். அதுவரை அவளை நான் தொட்டதில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அவள் பின்னால் உட்காரப் பழகினாள், எனக்கு அது போதும்.

இவ்வளவு மிச்சம் பிடித்தும் கார் என்னை விடவில்லை. அப்போதுதான் அலுவலகத்தில் ஆள் சேர்க்கிற யோசனை வந்தது. எப்படியும் நான் அதே வழியில்தான் போகிறேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே அலுவலகம். மூன்று பேரை ஏற்றிக்கொண்டால் எண்ணெய்க்கும் நிறுத்துமிடத்துக்கும் ஆகிவிடும். மனைவிக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை, அவள் இடம் காலி. கேட்டவுடன் மூன்று பேர் வந்தார்கள். கிடங்கில் இருக்கிற ஒருவர், எதையெடுத்தாலும் வாதாடுவார் என்பதால் வக்கீல் என்று பெயர். விற்பனைப் பிரிவில் ஒருவர், ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார், அவருக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, கணக்குப் பிரிவில் இருந்த பெரியக்கா.

பின்னால் இரண்டு பேர், முன்னால் ஒருவர். மகள் இறங்கும் வரை அவளும் பின்னால்தான். முன் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். அவருக்குச் சொந்தக் கார் இல்லை போலிருக்கிறது. ஒரு சீட்டைச் சும்மா போட்டுக்கொண்டு ஓட்டுவது, பணத்தைக் கிழித்துச் சன்னல் வழியாக எறிந்துகொண்டே போவதற்குச் சமம். தவிர, முன் சீட் என்றால் இந்த ஊரில் ஒரு மரியாதை. யாரும் பின்னால் போக ஒப்பமாட்டார்கள். முதல் வாரத்திலேயே வக்கீலுக்கும் தூங்குமூஞ்சிக்கும் முன்னால் யார் உட்காருவது என்று முட்டிக்கொண்டது. வயதைச் சொன்னார் ஒருவர், பதவியைச் சொன்னார் இன்னொருவர். வக்கீல் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறவே மாட்டேன் என்று நடைபாதையில் நின்றுவிட்டார், பின்னாலிருந்த பேருந்து ஒலி எழுப்பி ஊரைக் கூட்டியது.

சண்டையைத் தீர்க்க ஒரே வழி, விலை வைப்பதுதான். முன் சீட்டுக்குத் தனிக் கட்டணம், மற்றதைவிடக் கூடுதல் என்று அறிவித்தேன். வக்கீல் அன்றிலிருந்து பின் சீட்டின் சுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பெரியக்கா மட்டும் சிரித்துக்கொண்டே, "எனக்கு முட்டி மடங்காது தம்பி, கூடக் குடுத்துடறேன்" என்றார். இப்படியாக அது அவருக்கென்று ஆயிற்று. நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. விலை தேர்ந்தெடுத்தது.

அவரைப் பற்றி நான் நல்லவிதமாக எழுதத்தான் வேண்டும், வேறுவிதமாக எழுத வழியில்லை. கணவர் இறந்து, ஒரே மகனை ஆளாக்கி, இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வுபெற இருந்தவர். பெருத்த உடம்பு, பெருத்த சிரிப்பு. பெல்ட் போடும்போது ஒரு முனகல் முனகுவார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சிக்னலில் வண்டி நின்றதும் எல்லோருக்கும் புளிப்பு மிட்டாய் எடுத்து நீட்டுவார். என் மகளுக்கு மட்டும் இரண்டு. அவள் வீட்டுப்பாடத்தை வண்டியிலேயே முடித்துவிட்டது அவரால்தான். வகுத்தல் கணக்கு அவளுக்கு வரவே வராது, அது எப்படி வந்தது என்று நாங்கள் வியந்தோம். மாதம் பிறந்தால் நான் கேட்கும் முன்பே முன் சீட் கட்டணத்தை உறையில் போட்டு நீட்டிவிடுவார். வக்கீலிடம் வாங்குவதற்குள் மாதம் பாதி போய்விடும். எனக்கு அவர்மேல் உண்மையான பாசம் உண்டு. கூடப்பிறந்த அக்கா இருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

ரேடியோவில் பாட்டு போட்டால் அவர் கை சும்மா இராது. முன்னால் இருக்கிற அந்த மூடிமேல் தாளம் போடுவார். நன்றாகவே போடுவார். ஒருநாள் தாளத்தை நிறுத்திவிட்டு, விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லாத டப்பா மாதிரி சத்தம் வருது?"

எல்லா வண்டியிலும் அப்படித்தான் அக்கா என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றி, என் பழைய பனியன் நாலைந்தைச் சுருட்டி உள்ளே திணித்து மூடினேன். திங்கட்கிழமை தாளம் கனமாகக் கேட்டது. ஆண்டுக் கடைசியில் போனஸ் வந்தபோது, அந்தப் பணத்தில் முன் சீட்டுக்கு நல்ல மெத்தை வாங்கிப் போட்டேன், அவர் முட்டிக்கு இதமாக இருக்கட்டும் என்று. அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதே பணத்தில் பையை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பாதிகூடக் காணாது. விசாரித்துத்தான் பார்த்தேன்.

பிறகு கம்பெனி ஊழியர்களுக்கென்று பேருந்து விட்டது. இலவசம். வக்கீல் மறுநாளே மாறிவிட்டார், போகும்போது கார் பயணத்தின் கேடுகளைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். தூங்குமூஞ்சி பேருந்தில் கால் நீட்டித் தூங்கலாம் என்று போனார். பெரியக்கா மட்டும் மனசில்லாமல் இரண்டு நாள் இழுத்தார். அவர் மகனுக்குப் பேருந்தில்தான் அம்மா போக வேண்டும். பெரிய வண்டி, கண்டிப்பாகப் பாதுகாப்பு என்று அவன் எண்ணம். அந்தப் பையன் வெளியூரில் வேலை பார்க்கிறவன், அம்மா சாலையில் போவதையே பயந்துகொண்டிருப்பவன். இவரும் போய்விட்டால் காரை நான் விற்க வேண்டியதுதான். மனைவி முதல் நாள் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன். அலுவலக வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்தபடி பேசினோம்.

"பஸ்ல பெல்ட்டே கிடையாதுக்கா. இங்க பெல்ட் இருக்கு, ஏர்பேக் இருக்கு. உங்க பையன்கிட்ட சொல்லுங்க."

"ஏர்பேக்குன்னா இந்த உப்புமே, அதுவா? என் பக்கமும் இருக்கா?"

"இதோ பாருங்க, எழுத்தே இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூடியில் பொறித்திருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுத்து இருந்தது உண்மைதான். மெக்கானிக் நல்ல மூடியாகத்தான் போட்டிருந்தார். அன்று மாலையே மகன் என்னைப் போனில் கூப்பிட்டான். "அம்மா சொன்னாங்க சார். இப்பதான் எனக்கு நிம்மதி" என்றான். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. இரண்டு பேர் போய்விட்டதால் அவர் பங்கு கொஞ்சம் கூடியது, அதையும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

அதன் பிறகுதான் பின் சீட் காலியாக இருந்ததே, அவரைப் பின்னால் உட்காரவைத்திருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அது நல்ல கேள்வி. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் பின் சீட்டுக்குப் பின் சீட் கட்டணம்தானே வாங்க முடியும். முன் சீட் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒருவரைப் பின்னால் உட்காரவைப்பது நியாயமில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். மகள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விழுந்து கால் எலும்பில் விரிசல். தொடைவரை மாவுக்கட்டு. வீட்டிலேயே இருக்கச் சொன்னால் பரீட்சை என்று அழுதாள். பின் சீட்டில் குறுக்கே சாய்த்து கால் நீட்டிப் படுக்கவைத்தேன். பெரியக்கா குடியிருக்கும் தெருமுனையில் வண்டி நின்றது. அவர் முன்கதவைத் திறந்தார், ஏறவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கால் உருண்டு வலித்திருக்கிறது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னாள்.

"பச்சப்புள்ளைய இப்படிக் கோணலாப் போட்டுக்கிட்டு வர்றீங்களே தம்பி. சீட்டைப் பின்னாடி தள்ளிட்டா நேரா கால் நீட்டி உக்காரும். நான் பின்னாடி போறேன், நீ வாடி முன்னாடி."

மகள் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்திருக்கவே ஆரம்பித்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். பெரியக்கா கேட்கிறவரா? ஒருநாள்தானே, என் முட்டி ஒன்றும் கழன்றுவிடாது என்று பின்கதவில் கை வைத்தார். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துத் தடுத்தேன் என்று சொன்னால் மிகையாகாது. அவர் மனசு நோகும்படி பேசவும் வேண்டியிருந்தது.

"முன் சீட்டுக்குக் காசு குடுக்கறது நீங்கக்கா. நீங்கதான் உக்காரணும். என் பொண்ணை நான் பாத்துப்பேன்."

காசு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. முன்னால் ஏறினார், பெல்ட்டை மாட்டினார். பாட்டு போட்டேன். கை மடியிலேயே கிடந்தது. மகள் பின்னால் விசும்பிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துகொண்டு அந்த மேம்பாலத்தில் ஏறினோம். நான் வேகமாகப் போகவில்லை. இறக்கத்தில் ஒரு சரக்கு வண்டி, டயர் வெடித்து, நடுவழியில் நின்றிருந்தது. எனக்கு முன்னால் போன வேன் கடைசி நொடியில் ஒதுங்கியதால்தான் அது என் கண்ணில் பட்டது. பிரேக்கை மிதித்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது, அதில் நான் கை வைத்ததே இல்லை. இருந்தாலும் இடம் போதவில்லை.

என் பை உப்பி என்னைப் பிடித்துக்கொண்டது. நல்ல பை. பழையது என்றாலும் புதிதைப் போலவே வேலை செய்தது. மகள் சீட்டிலிருந்து கீழே, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே விழுந்து, அங்கேயே அணைவாக மாட்டிக்கொண்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பெரியக்காவை பெல்ட் தன்னால் முடிந்தவரை இழுத்துப் பிடித்தது. தலையைப் பிடிக்க அதனால் முடியாது, அது வேறொன்றின் வேலை. மூடி பெயர்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் அவர் மடியில் கிடந்தது. என் பனியன்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ரத்தத்தை ஒற்ற ஏதோ துணி என்றே நினைத்து அதில் ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்ப முயன்று, "புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். நல்லவேளை என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மதியத்துக்குள் மருத்துவமனையில் முடிந்துவிட்டது.

நான் அழுதேன். நடிப்பு அல்ல, தாதியைக் கேட்டுப் பாருங்கள். அவரை நான் கொல்ல நினைத்ததாக யாராவது எழுதினால் அது அபாண்டம். அவர் நூறு வயது இருக்க வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். ஒவ்வொரு மாதமும் விரும்பினேன்.

அவர் மகன் மாலையில் வந்து சேர்ந்தான். விபத்துப் பிரிவு வாசலில், சுவரில் சாய்ந்தபடி, ஏர்பேக் இருந்ததே, எப்படி என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்து, விதி தம்பி என்றேன். அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். விஷயம் அதோடு முடிந்திருக்கும். யாரும் எதையும் துருவியிருக்க மாட்டார்கள், நொறுங்கிய காரைக் காயலான் கடையில் போட்டிருப்பார்கள்.

என் மகள் ஊன்றுகோலோடு நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அங்க பை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் என்னை உக்கார விடல. இல்லப்பா?"

எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆமாம்மா, உனக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். அவள் என் கையை எடுத்து, ஒரு பொருளைத் திருப்பித் தருவதுபோல என் மடியிலேயே வைத்தாள். ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். நடைவழியின் அந்தக் கோடிவரை, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, அவர் மகனிடம் போனாள். அவன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்ததை மட்டும் பார்த்தேன்.

ஆகவே தெளிவாகவே எழுதித் தருகிறேன். அந்தச் சீட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பெரியக்காவிடம் இருக்கிறது என்றேன், தெரிந்துதான் அவரை அங்கே உட்காரவைத்தேன், தெரிந்துதான் என் மகளை உட்காரவிடவில்லை. அவள் இப்போது என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, என்னைப் பார்க்க அவள் அம்மா கூப்பிட்டும் வரவில்லை என்கிறார்கள். அதனால் எனக்கு அவள்மேல் வருத்தம் கிடையாது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான் வளர்த்த விதம் அப்படி.